புளி மண்டிக்காரரின் பயணங்களை எழுதுவது எப்படி? ஒரு பதில்

கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சிறியதொரு புளி மண்டி நடத்தியவரும், ஆண்டுதோறும் யெஸ்டி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லடாக், நேபாளம் என்று தனியாகவே சென்று திரும்பியவருமான தங்கள் தந்தையார் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாண்டுத் திதிக்குள் நூறு பக்க அளவில் அவரைப் பற்றி ஒரு நினைவு நூல் அச்சிட வேண்டும், அதை ‘பயணி’, ‘வியாபாரி’ என்று இரண்டு பாகங்களாகப் பிரித்துக்கொள்ளலாமா, எதிலிருந்து தொடங்குவது, நடை எப்படி இருக்க வேண்டும், அட்டைக்கு எந்தப் படத்தை வைப்பது என்பவை தங்கள் கேள்விகள். தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் இதே புளி வியாபாரத்தில் இருந்துகொண்டு இதே போல ஊர் சுற்றிய என் சித்தப்பாவைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நூலைத் தொகுத்தவன் நான். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் சான்றுகளைத் தேடும் பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்தைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் பிரித்தேன். பாதி எழுதிய பிறகே தவறு விளங்கியது. பயணத்தைத் தனியாக எழுதினால், பணமும் நேரமும் எங்கிருந்தோ தாமாக வந்து சேர்ந்த ஒரு மனிதர் மலை ஏறுவது போல இருந்தது. வியாபாரத்தைத் தனியாக எழுதினாலோ, மண்டியில் நாள் முழுவதும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் வரவு செலவாக மட்டும் அது நின்றது. இரண்டும் ஒரே ஆண்டின் இரண்டு பருவங்கள் என்பதைப் புளியின் காலக்கணக்கைப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன்.

மண்டிக்குள் வளர்ந்த தங்களுக்கு இது தெரிந்ததே என்றாலும், நூலைப் படிக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் இதை நூலில் விரிவாகவே எழுதுங்கள். காய் பழுக்கும் முன்பே மரத்தைப் பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்று கண்மதிப்பாகச் சொல்லித் தோப்புக்காரரிடம் குத்தகை பேசுவார்கள். சாலையோர மரங்களை ஏலத்தில் எடுப்பார்கள். தை பிறந்தது முதல் பங்குனி, சித்திரை வரையில் உலுக்குவதும் பொறுக்குவதும் நடக்கும். பிறகு மேலோட்டை நீக்கி, நாரை எடுத்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. குளிர்பதனக் கிடங்குகள் பரவலாக வருவதற்கு முன், மழை ஈரம் பட்டால் புளி கறுத்து விலை இறங்கிவிடும் என்ற அச்சத்தில், கையிலிருக்கும் சரக்கை வைகாசி, ஆனிக்குள் தள்ளிவிடவே சிறிய வியாபாரிகள் முயல்வார்கள். ஆக, ஆனி பிறக்கும்போது கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கும், மண்டியில் வேலை இருக்காது. அந்நாளில் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் சாலையில் பனியை அகற்றி வண்டிகளை விட்டதும் பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூனிலோதான். அக்டோபர், நவம்பரில் அது மீண்டும் மூடப்படும். தருமபுரிச் சீமையின் புளியும் இமயமலையின் பனியும் ஒரே மாதத்தில் ஒரு மனிதரை விடுவித்திருக்கின்றன. தங்கள் தந்தையார் மாங்கூழ் ஆலைக்குக் காய் அனுப்பும் தரகராக இருந்திருந்தால் ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரியை விட்டு நகர்ந்திருக்கவே முடியாது.

ஆகையால் நிழற்படங்களிலிருந்து தொடங்காமல் மண்டியின் நாள்வழிக் கணக்கிலிருந்தும் பேரேட்டிலிருந்தும் தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை. ‘என்ன இருக்கப்போகிறது, வெறும் பற்று வரவுதானே’ என்று என் சித்தப்பா மகனே பரணிலிருந்து அவற்றை இறக்கித் தர மறுத்தான். இறக்கிப் பார்த்தபோது ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தின் முதல் வாரத்தில் ‘வண்டி வகை’ என்ற தலைப்பில் செலவு எழுதப்பட்டிருந்தது: கிளட்ச் கேபிள் 2, பிளக் 4, டியூப் 1, ஆயில் இவ்வளவு என்று. யெஸ்டி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும் என்பதால், வாங்கிய ஆயிலின் அளவை வைத்தே அந்த ஆண்டு எவ்வளவு தொலைவு போக எண்ணினார் என்பதை ஒரு மெக்கானிக் எனக்குக் கணக்கிட்டுச் சொன்னார். உதிரிப் பிளக்குகளின் எண்ணிக்கையும் ஒரு செய்தியே. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதிதான். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து எரிவதால் பிளக் கறுத்துப்போகும், வண்டி இழுக்காது. சமவெளிப் பயணம் போன ஆண்டுகளில் ஒன்று, இரண்டு பிளக்குகளோடு நிறுத்திக்கொண்டவர், மலைக்குப் போன ஆண்டுகளில் நான்கு, ஐந்து வாங்கியிருக்கிறார்.

அதே பேரேட்டில் ‘ஜகதல்பூர் மாதிரி 2 கிலோ’ என்று ஒரு வரி இருந்தது. இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தார் பகுதியிலுள்ள ஜகதல்பூர் புளிக்குப் பெயர்போன சந்தை. திரும்பும் வழியில் நாக்பூர்ச் சாலையை விட்டு அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போய் அங்கே மாதிரி வாங்கியிருக்கிறார் என்பதும், இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கிருந்து லாரியில் சரக்கு இறக்கியிருக்கிறார் என்பதும் பயணக் குறிப்பேட்டில் இல்லை, கணக்கில் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் ‘ஊதாரித்தனம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பயணத்தில் பிடித்த கொள்முதல் அது.

இனி நான் கண்ட முக்கியமான செய்தியைச் சொல்கிறேன். அந்தக் கணக்குப் புத்தகங்களில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. தை முதல் வைகாசி வரை சித்தப்பாவின் சாய்ந்த, அவசரமான எழுத்து. ஆனி பாதியில் அது நின்று, ஆவணி வரைக்கும் நேராக, தள்ளித் தள்ளி எழுதிய வேறோர் எழுத்து ஓடுகிறது. அது என் சித்தியுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சித்தப்பா ஊரில் இல்லாத அந்த வாரங்களில் பாக்கி வசூலித்தவரும், கூலி கொடுத்தவரும், வங்கியில் கடன் கணக்குக்கு வட்டி கட்டியவரும், ஓராண்டு மழையில் கிடங்குக் கூரை ஒழுகியபோது அண்டை வீட்டாரைக் கூட்டி மூட்டைகளை மாற்றி அடுக்கச் செய்தவரும் அவரே. முப்பதாண்டுக் காலம் குடும்பத்தில் சொல்லப்பட்ட பயணக் கதைகளில் ஒன்றில்கூட அவர் இல்லை. ‘சித்தப்பா தனியாகவே லடாக் போனார்’ என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு, அதை அடித்துத் திருத்தினேன். தங்கள் வீட்டிலும் கணக்கு யாருடைய கையில் இருந்தது என்பதைத் தங்கள் தாயாரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அவர்தான்’ என்று முதலில் சொல்வார். பழைய பேரேட்டை எடுத்து மடியில் வைத்தால் பக்கம் பக்கமாகப் பேசுவார்.

சான்றுகளைப் பாதுகாப்பதைப் பற்றிச் சில சொற்கள். முதலில் காப்பாற்ற வேண்டியவை மிகப் பழையவை அல்ல. அண்மைக் காலத்துப் பெட்ரோல் பங்க் ரசீதுகளும் விடுதி ரசீதுகளும்தான். அவை வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாளில் அச்சானவை என்பதால் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் சில சமயம் இன்னும் விரைவாக. கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய எழுபதுகளின் ரசீது இன்றும் வாசிக்கும்படி இருக்க, பத்தாண்டுக்கு முந்தைய ரசீது வெற்றுத் தாளாகக் கிடக்கிறது. எனவே அவற்றை உடனே கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள். அடுத்து, வீட்டுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள். கடிதத்தின் உள்ளே தேதி இல்லாமல் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கியிருந்தாலும், வெளியே அஞ்சல் முத்திரையில் எந்த ஊர் அஞ்சலகம், எந்த நாள் என்பது இருக்கும். புறப்பட்ட ஊரின் முத்திரையையும் வந்து சேர்ந்த ஊரின் முத்திரையையும் சேர்த்துப் பார்த்தால் பாதையின் முதுகெலும்பு கிடைத்துவிடும். நிழற்படங்களில் அச்சுப் பிரதிகளைவிட நெகட்டிவ்களே மேலானவை. அவற்றின் ஓரத்தில் 1, 2, 3 என்று சட்டக எண் இருக்கும். ஆல்பத்தில் யார் எப்படிக் கலைத்து ஒட்டியிருந்தாலும், எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்பதை அந்த எண்கள் சொல்லிவிடும். நேபாளப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை தேடி ஏமாற வேண்டாம். இந்தியர்கள் அங்கே செல்ல விசா தேவையில்லை. வண்டிக்கு எல்லையில் பெற்ற அனுமதிச் சீட்டு எங்காவது ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம்.

வீட்டில் வழங்கும் கதைகளைச் சரிபார்க்கத் தயங்க வேண்டாம். சரிபார்ப்பது தந்தையாரைச் சந்தேகிப்பதாகாது. எங்கள் வீட்டில், சித்தப்பா மணாலி வழியாக லேவுக்கு முதன்முதலில் போனது எண்பதுகளின் நடுவில் என்பது அசைக்க முடியாத நம்பிக்கையாக இருந்தது. ஆனால் மணாலி–லே சாலை வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது 1989-இல். அதற்கு முன் லடாக் செல்ல ஸ்ரீநகர் வழியே இருந்தது. கடித முத்திரைகளைப் பார்த்தபோது அவர் முதலில் போனது ஸ்ரீநகர், கார்கில் வழியாகத்தான் என்பது தெளிவாயிற்று. பிற்காலத்தில் சென்ற மணாலிப் பயணத்தை முதல் பயணத்தோடு பிள்ளைகள் கலந்துவிட்டிருந்தோம். அதே போல, லடாக்கின் கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்றும் உலகிலேயே மிக உயரமான மோட்டார் சாலை என்றும் நெடுங்காலம் பலகை வைத்திருந்தார்கள்; தங்கள் தந்தையாரும் அந்தப் பலகைக்கு முன் நின்றே படம் எடுத்திருப்பார். பிற்காலத்து அளவீடுகளின்படி அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,582 அடி. அவருடைய குறிப்பில் 18,380 என்று இருந்தால் அதை அப்படியே மேற்கோளாகக் கொடுத்து, சரியான அளவைக் கீழே குறியுங்கள். பலகையை நம்பியது அவர் குற்றமில்லை.

திருத்தவே கூடாத இடங்களும் உண்டு. குறிப்பேட்டில் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்று இருந்தால் அதை இன்றைய எண்ணான 44 என்று மாற்றிவிடாதீர்கள். 2010-இல் எண்களை மாற்றும் வரையில், கன்னியாகுமரியிலிருந்து நம் தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் வழியாக வாரணாசி வரை 2,369 கிலோமீட்டர் சென்ற அந்தச் சாலைக்கு ஏழு என்பதே எண். கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை வந்த சிறிய ரயிலும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் சென்ற சிறிய ரயிலும் நாட்டு விடுதலைக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டன. ரயில் இல்லாத ஊரில் நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை வாசலில் கிடந்தது என்பது, ஒரு புளி வியாபாரி ஏன் மோட்டார் சைக்கிள்காரர் ஆனார் என்பதற்கு நான் காணும் காரணங்களில் பெரியது.

மாவட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம். அதன்பின் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் தங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். தங்கள் தந்தையாரின் பிறப்புப் பதிவில் சேலமும், திருமணப் பத்திரிகையில் தருமபுரியும், இறப்புச் சான்றிதழில் கிருஷ்ணகிரியும் இருக்கும். ஊர் ஊராகச் சுற்றியவரின் சொந்த வீடு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மூன்று மாவட்டங்களைப் பார்த்திருக்கிறது.

பேட்டிகளைப் பொறுத்தவரை, ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். ‘தங்கமான மனிதர்’ என்ற ஒரே பதிலைப் பத்துப் பேரும் சொல்வார்கள். பொருளைக் காட்டிக் கேளுங்கள். கொட்டை தட்டிய பெண்மணிகளிடம் பழைய தராசைக் காட்டுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியின் கிக்கரைக் காட்டுங்கள். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. அதை உதைத்து மடக்கி முன்னால் தள்ளும் பழக்கத்தில் சித்தப்பாவின் வலது செருப்பு தேய்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, ‘ஐயா, கியர் இடது கால் பக்கம்’ என்று மெக்கானிக் என்னைத் திருத்திவிட்டு, அங்கிருந்து ஒரு மணி நேரம் பேசினார். கிருஷ்ணகிரியில் தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ பேசுபவர்கள் தங்கள் தந்தையாரோடு அந்த மொழியிலேயே பேசியிருப்பார்கள்; அவர்களை அந்த மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள், பிறகு தமிழாக்கிக்கொள்ளலாம். சந்தையில் பழகியவர்களைச் சந்தையிலேயே பிடிக்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிக்கும் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வீட்டுக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அவர்கள் இறுக்கமாகிவிடுவார்கள்.

நூலில் கடனைப் பற்றி எழுதலாமா என்று தாங்கள் தயங்கியிருப்பது கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. எழுதலாம். கூலி பாக்கி வைத்துவிட்டுப் புறப்பட்ட ஓராண்டு சித்தப்பாவுக்கும் உண்டு. பணிபுரிந்த பெண்கள் சித்தியிடம் வந்து வாசலில் உட்கார்ந்ததும், சித்தி காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்ததும் நடந்தன. சித்தியே அதை எழுதச் சொன்னார். ஆனால் உயிரோடிருக்கும் பிறருடைய கடன்களையும், பாக்கி வைத்து ஏமாற்றியவர்களின் பெயர்களையும் விட்டுவிட்டோம். பேரேட்டில் கிடைத்தது என்பதற்காக இன்னொருவர் வீட்டுக் கதையை அச்சேற்றும் உரிமை நமக்கு வந்துவிடாது.

நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருமுறை தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்று அங்குள்ள நடுகற்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன். நம் பகுதி நடுகற்களில் பொறிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அரசர்கள் அல்லர். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் விழுந்த ஊர்க்காரர்கள். இன்ன மன்னருக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய மாட்டை மீட்டு, இன்னார் பட்டான், இது அவன் கல் என்பதோடு அவை பேச்சை நிறுத்திக்கொள்கின்றன. ‘மாவீரன்’, ‘ஈடிணையற்றவன்’ என்ற அடைமொழிகளைத் தேடினாலும் அரிதாகவே கிடைக்கும். அண்டையில் செங்கம் பகுதியில் எடுத்தனூர்க் கல்லொன்று, இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதியிருக்கிறது. யெஸ்டி வண்டிக்கும், அதை முப்பதாண்டுகள் பழுது பார்த்தவருக்கும், கொட்டை தட்டியவர்களுக்கும் நூலில் இடம் ஒதுக்கும்போது அந்தக் கல் என் நினைவில் இருந்தது.

இனி அட்டைப் படம். பனிமலைக்கு முன் வண்டியோடு நிற்கும் படமா, மண்டியில் அமர்ந்திருக்கும் படமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவெடுக்கும் முன் நெகட்டிவ்களை ஒருமுறை முழுமையாக ஸ்கேன் செய்துவிடுங்கள். சுருளில் முதல் சட்டகத்தை ஸ்டூடியோக்காரர்கள் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். பிலிம் மாட்டும்போது ஒளி பட்டு அதில் ஒரு பகுதி எரிந்திருக்கும். சித்தப்பா புறப்படும் நாள் காலையில் மண்டியிலேயே பிலிமை மாட்டி, சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க எதிரில் இருப்பதை ஒரு படம் எடுப்பார் போலும். எட்டுச் சுருள்களில் முதல் சட்டகம் ஏறத்தாழ ஒரே காட்சியாக இருந்தது: தராசுக்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு சித்தி, படம் எடுப்பது தெரியாமலோ, தெரிந்தும் நிமிராமலோ. அவற்றில் ஒன்றைத்தான் அட்டைக்கு வைத்தோம். இடப்பக்கம் கால்வாசி வெள்ளையாக எரிந்திருந்தது. அச்சகத்தார் அதை வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.